ஜவுளியில் ஆராய்ச்சி என்று தனியாக என்ன இருக்கிறது?

திருப்பூரில் பனியன் யூனிட் நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகள் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்திருக்கிறாள். இழை ஆராய்ச்சியில் பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது. நானும் இருபது வருஷமாக நூலோடுதான் புழங்குகிறேன். ஜவுளியில் ஆராய்ச்சி என்று தனியாக என்ன இருக்கிறது? அதில் விஞ்ஞானி ஆகி, ஒரு ஆய்வுக்கூடத்துக்கே தலைமை ஏற்பது வரை போக முடியுமா? இல்லை, கடைசிவரை ஏதாவது மில்லில் அறுந்த நூலை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதானா?"

அறுந்த நூலை எண்ணுகிற வேலையை நானும் இரண்டு வருஷம் செய்திருக்கிறேன். நூல் சுற்றுகிற நூறு கதிருக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை அறுப்பு என்று நோட்டுப் போட்டு எழுதுவோம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் இழைச் சோதனைக்கூடத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். அதனால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லத் தோன்றுகிறது.

உங்களிடம் ஒரு எதிர்க்கேள்வி. சாயம் போட்டு வந்த துணியில் குறுக்கே வரிவரியாகப் பட்டை விழுந்து, ஒரு லாட் முழுக்கத் தள்ளுபடி ஆன அனுபவம் உங்களுக்கு இருக்கும்தானே? நூல்காரர் சாயப்பட்டறையைச் சொல்லியிருப்பார், சாயப்பட்டறைக்காரர் நூலைச் சொல்லியிருப்பார், நடுவில் உங்கள் தலை உருண்டிருக்கும். பல சமயம் காரணம் இவர்கள் இருவருக்கும் முன்னால், பஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. பருத்தி இழை என்பது ஒரே ஒரு செல். காய்க்குள் அது முதலில் நீளமாக வளரும், பிறகு உள்பக்கமாகச் சுவர் தடிக்கும். சுவர் முழுதாகத் தடிக்காத இளம் இழை சாயத்தை வெளிறலாகத்தான் காட்டும். முதிர்ச்சி வேறுபட்ட இரண்டு பேல் பஞ்சு சரியாகக் கலக்காமல் போனால், நூல் சுற்றிய கோன் மாறுகிற இடத்தில் பட்டை விழுந்துவிடும். மில்லில் மைக்ரோனேர் என்று ஒரு எண் சொல்வார்களே, அது இழையின் நுண்மையையும் முதிர்ச்சியையும் சேர்த்துச் சொல்கிற எண். அதை எப்படி அளப்பது, பேல்களை எந்தக் கணக்கில் கலப்பது என்று உட்கார்ந்து கண்டுபிடித்தது ஒரு தலைமுறை இழை விஞ்ஞானிகள். ஆக, இருபது வருஷமாக நீங்கள் இந்த ஆராய்ச்சியின் மேல்தான் தொழில் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, வாழ்க்கைத் தொழிலாக இது எப்படிப் போகும் என்பதற்குப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரு ஆளைக் காட்டுகிறேன். மகள் கெமிஸ்ட்ரி என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தவர் ஸ்டெஃபனி குவோலெக். குண்டு துளைக்காத உடைக்குப் போடுகிற கெவ்லார் இழைக்கு மூலமான கண்டுபிடிப்பு அவருடையது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 1923-ல் பிறந்தவர். பெற்றோர் போலந்து வழி வந்தவர்கள். அப்பாவுக்குக் காடு மேடு சுற்றி இலை, விதை, பூச்சி எல்லாம் பார்ப்பதில் ஆசை, மகளையும் கூட்டிக்கொண்டு திரிவார். குவோலெக்குக்குப் பத்து வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். அம்மாவுக்குத் தையல் தெரியும். துணி மேலிருந்த ஈர்ப்பு அம்மா வழியாக வந்தது. உடை வடிவமைப்பாளர் ஆகலாமா என்றுகூட ஒரு காலத்தில் நினைத்திருக்கிறார். "நீ எல்லாவற்றிலும் அப்பழுக்கு பார்க்கிறவள், அந்தத் தொழிலில் பட்டினிதான் கிடப்பாய்" என்கிற பொருளில் அம்மா சொல்லித் தடுத்தாராம். அந்த அப்பழுக்கு பார்க்கிற குணம்தான் பின்னால் எங்கே கைகொடுத்தது என்று பாருங்கள்.

1946-ல் வேதியியல் பட்டம் வாங்கினார். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது திட்டம், கையில் காசில்லை. கொஞ்ச நாள் வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு போகலாம் என்று டூபாண்ட் என்ற வேதிப்பொருள் கம்பெனிக்கு விண்ணப்பித்தார். நேர்காணல் நடத்தியவர் ஹேல் சார்ச், செல்லோஃபேன் தாளில் ஈரம் புகாமல் செய்த வேதியியலாளர். இரண்டு வாரத்தில் சொல்கிறோம் என்றார். இந்த அம்மாள், வேறொரு கம்பெனிக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, கொஞ்சம் சீக்கிரம் சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டார். சார்ச் அங்கேயே உதவியாளரைக் கூப்பிட்டு, குவோலெக் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலைக் கடிதத்தைச் சொல்லி எழுத வைத்தார். போர் முடிந்த சமயம், ஆண்கள் பலர் இன்னும் வேலைக்குத் திரும்பியிருக்கவில்லை, அதனால் பெண்களுக்கு ஆய்வுக்கூடக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. பிறகு அது மறுபடி சாத்திக்கொண்டது வேறு கதை. குவோலெக் பிஎச்.டி. செய்யவே இல்லை. டாக்டருக்குப் படிக்கவும் போகவில்லை. அதே கம்பெனியில் 40 வருஷம் இருந்தார்.

அவர் சேர்ந்த கம்பெனியில் இழை ஆராய்ச்சிக்கு ஏற்கெனவே ஒரு பெரிய முன்கதை இருந்தது. அதைச் சொல்லாமல் குவோலெக் கதை பாதிதான் புரியும்.

1928-ல் டூபாண்ட் ஹார்வர்டிலிருந்து வாலஸ் கரோதர்ஸ் என்ற இளம் வேதியியலாளரைக் கூட்டி வந்தது. வில்மிங்டன் நகரத்தில் ஆய்வுக்கூடம். லாபத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம், அடிப்படை அறிவியல் செய்யுங்கள் என்பது சார்ல்ஸ் ஸ்டைன் என்ற ஆராய்ச்சித் தலைவரின் யோசனை. பருத்தி, பட்டு, ரப்பர் எல்லாம் உண்மையில் நீளமான சங்கிலி மூலக்கூறுகளா, இல்லை சின்னச் சின்ன மூலக்கூறுகளின் கூட்டமா என்று அப்போது விஞ்ஞானிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கிலிதான் என்று ஜெர்மனியில் ஸ்டாடிங்கர் சொல்லிக்கொண்டிருந்தார், நம்பாதவர்கள் நிறைய. கரோதர்ஸ், நாமே கண்ணி கண்ணியாகக் கோத்துச் செய்து காட்டிவிடலாம் என்று இறங்கினார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வகை மூலப்பொருள் கைகோத்துச் சங்கிலியாகும்போது, வினை 95 சதவீதம் முடிந்தால் ஒரு சங்கிலியில் சராசரி 20 கண்ணிதான். 99 சதவீதம் என்றால் 100 கண்ணி. வேறு எந்த வேதியியல் வேலையிலும் 95 சதவீதம் என்றால் பாயசம் வைத்துக் கொண்டாடலாம். இழைக்கு அது குப்பை. கடைசி நான்கைந்து சதவீதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. வினையில் வெளிவரும் தண்ணீரை விடாமல் உறிஞ்சி எடுக்கிற கருவி ஒன்றை வைத்து, 1930 ஏப்ரலில் ஜூலியன் ஹில் என்ற உடன்பணியாளர் மூலக்கூறு எடை 12,000 வரை கொண்டுபோனார். உருகியதில் ஒரு கோலைத் தொட்டு இழுத்தால் நூல் வந்தது. ஆறிய பிறகும் கையால் இழுக்க, அது நான்கு மடங்கு ஐந்து மடங்கு நீண்டு, பளபளத்து, வலுவாகவும் ஆனது. செயற்கை இழையின் உயிர்நாடி இந்த இழுப்புத்தான், இன்றைக்கும்.

ஆனால் ஹில் இழுத்த அந்த நூல் பாலியெஸ்டர் வகை, வெந்நீர் பட்டால் போச்சு. இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் நிற்காத துணியை யார் வாங்குவார்கள்? கரோதர்ஸ் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சில வருஷம் கழித்து பாலியமைடு என்ற இன்னொரு சங்கிலி வகையின் பக்கம் திரும்பினார். 1935 பிப்ரவரி 28 அன்று அவர் குழுவில் ஜெரார்ட் பெர்ஷே செய்ததுதான் நைலான் 66. வேடிக்கை என்னவென்றால் கரோதர்ஸுக்குப் பிடித்தது அது இல்லை, 5-10 என்ற வேறொன்று. அதற்கு வேண்டிய அமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்து வர வேண்டும், விலை கட்டாது. 66-க்கு இரண்டு மூலப்பொருளும் பென்சீனிலிருந்தே கிடைக்கும். கம்பெனியில் மேலே இருந்த எல்மர் போல்டன் 66-ஐத் தேர்ந்தெடுத்தார். அறிவியல் ரீதியாக எது அழகு என்பதும் ஆலையில் எது ஓடும் என்பதும் எப்போதும் ஒத்துப்போகாது. போல்டன் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் சொல்லிக் கூட்டிவந்தது அடிப்படை அறிவியலுக்கு, போய் நின்ற இடம் காலுறை.

கரோதர்ஸ் இளமையிலிருந்தே மனச்சோர்வு நோயால் அவதிப்பட்டவர். 1936-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி அவரைத் தேர்ந்தெடுத்தது, கம்பெனி வேலையில் இருந்த கரிம வேதியியலாளர் ஒருவருக்கு அது முதல் தடவை. அடுத்த வருஷம் ஏப்ரலில், 41 வயது முடிந்த இரண்டாம் நாள், உயிரை மாய்த்துக்கொண்டார். நைலான் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது 1938-ல், காலுறை நாடு முழுக்கக் கடைக்கு வந்தது 1940 மே மாதம். அவர் எதையும் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் 1941-ல் கரோதர்ஸ் மூட்டை கட்டி வைத்த அதே பாலியெஸ்டர் யோசனையை எடுத்து, நேரான அமிலத்துக்குப் பதில் வளையம் உள்ள டெரிஃப்தாலிக் அமிலத்தைப் போட்டார்கள். அது இஸ்திரிக்கு நின்றது. உங்கள் யூனிட்டில் ஓடுகிற பாலி-காட்டனில் இருக்கிற பாலி அதுதான்.

இப்போது குவோலெக்கிடம் திரும்பலாம். 1950-ல் அவர் இருந்த ஆய்வுக்கூடம் வில்மிங்டனுக்கு மாறியது. அவருக்குக் கிடைத்த துறை, சூடாக்காமல் சாதாரண அறை வெப்பத்திலேயே சங்கிலி கோக்கும் முறை. அதில் பெரிய கெட்டிக்காரி ஆனார். 1959-ல் பால் மார்கனோடு சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று உலகம் முழுக்கக் கல்லூரிகளில் செய்து காட்டுகிற சோதனையாக மாறிவிட்டது. ஒரு குவளையில் ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்கள், ஒன்றின் மேல் ஒன்று. இரண்டும் சந்திக்கிற இடத்தில் மெல்லிய ஏடு படியும். இடுக்கியால் அந்த ஏட்டைத் தூக்கினால் கயிறு மாதிரி வந்துகொண்டே இருக்கும். நைலான் கயிறு வித்தை என்று பெயர். பாலில் ஏடு எடுக்கிற மாதிரிதான், தீரவே தீராத ஏடு.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தவருக்கு முதல் பதவி உயர்வு வர ஏறக்குறைய 15 வருஷம் ஆனது. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அவரோடு சேர்ந்த பெண்கள் பலர் பாதியில் போய்விட்டார்கள். இன்றைக்கு நிலைமை அவ்வளவு மோசம் இல்லை, ஆனால் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

1964 வாக்கில் பெட்ரோல் தட்டுப்பாடு வரலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. வண்டி எடை குறைய வேண்டும், அதற்கு டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிக்குப் பதில் எடை குறைந்த, விறைப்பான இழை வேண்டும். இந்த வேலைக்கு யாரும் பெரிதாக ஆசைப்படவில்லை, அதனால் குவோலெக்கிடம் வந்தது. இதை நான் எங்கள் கூடத்திலும் பார்த்திருக்கிறேன். யாருக்கும் வேண்டாத வேலை ஒன்று மேஜை மேஜையாகச் சுற்றி, கடைசியில் மறுத்துப் பேசத் தெரியாத ஒருத்தி மேஜையில் வந்து உட்காரும்.

இங்கே செயற்கை இழை எப்படி வருகிறது என்று ஒரு நிமிஷம் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூர்ப் பக்கம் சந்தகை பிழிவார்கள் இல்லையா, அதே தத்துவம். மாவுக்குப் பதில் பாலிமர், அதாவது நான் சொன்ன சங்கிலி மூலக்கூறுப் பொருள், சந்தகை அச்சுக்குப் பதில் ஸ்பின்னரெட் என்ற துளைத்தகடு. துளை தலைமுடி கனத்துக்கு இருக்கும். நைலான், பாலியெஸ்டர் எல்லாம் சூட்டில் உருக்கிப் பிழிவது. உருகுவதற்கு முன்னால் கருகிப் போகிற பாலிமர் என்றால் ஏதாவது கரைப்பானில் கரைத்துப் பிழிய வேண்டும். நல்ல பிழிகரைசல் என்றால் தேன் மாதிரி கெட்டியாக, தெளிவாக இருக்கும். இது இத்துறையில் எல்லோருக்கும் மனப்பாடம்.

குவோலெக் எடுத்துக்கொண்டது வளையங்களைக் கோத்த விறைப்பான சங்கிலி. லேசில் எதிலும் கரையாது. 1965-ல் ஒருவழியாகக் கரைந்தது, ஆனால் தேன் மாதிரி இல்லை. நீர்த்துப்போய், வெள்ளையாக, கலங்கலாக இருந்தது. மோர் மாதிரி என்று அவரே சொன்னார். கலக்கினால் ஒரு மினுமினுப்பு. இப்படி ஒன்று வந்தால் பொதுவாக என்ன செய்வோம்? சரியாகக் கரையவில்லை, தூசி ஏதோ கலந்துவிட்டது என்று கொட்டிவிட்டு அடுத்ததைப் பார்ப்போம். அவர் வடிகட்டிப் பார்த்தார். கலங்கல் போகவில்லை. அப்படியானால் தூசி இல்லை, கரைசலே அப்படித்தான் என்று முடிவுக்கு வந்தார்.

பிழிகிற கருவி அவர் பொறுப்பில் இல்லை. அது சார்லஸ் ஸ்மல்லன் என்பவர் கையில். அவர் கரைசலைப் பார்த்துவிட்டு, முடியாது என்றார். இவ்வளவு நீர்த்தது நூலாக நிற்காது, உள்ளே துகள் இருந்தால் என் துளையெல்லாம் அடைத்துக்கொள்ளும் என்று காரணம் சொன்னார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. துளைத்தகடு அடைத்துக்கொண்டால் பிரித்துக் கழுவிச் சீராக்குவது யார் வேலை என்று அந்த அறையில் நின்றவர்களுக்குத் தெரியும். குவோலெக் விடவில்லை, சண்டையும் போடவில்லை. நாளுக்கு நாள் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஸ்மல்லன் போட்டுப் பார்த்தார். அழகாகப் பிழிந்து வந்தது.

நைலான் அறுந்திருக்க வேண்டிய இழுப்பில் இந்த இழை அறவில்லை. வலுவையும் விறைப்பையும் அளக்கச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். விறைப்பு, அவர் அதற்கு முன் செய்த எதையும்விடக் குறைந்தது ஒன்பது மடங்கு என்று எண் வந்தது. அப்போது அவர் செய்ததுதான் எனக்கு இந்தக் கதை முழுவதிலும் பிடித்த இடம். யாரிடமும் மூச்சு விடவில்லை. திரும்பத் திரும்பச் செய்து, திரும்பத் திரும்பச் சோதனைக்கு அனுப்பினார். எண் மாறவில்லை என்று உறுதியான பிறகுதான் வாயைத் திறந்தார்.

அது ஏன் எனக்குப் பிடிக்கும் என்றால், நான் வாயைத் திறந்து மாட்டிக்கொண்டவள். சேர்ந்த புதிதில், ஒரு மே மாதம், ஒரு மில்லின் நூல் வலுக் குறைவாக இருக்கிறது என்று அறிக்கை அடித்துக் கையெழுத்துக்கு எடுத்துப் போனேன். எங்கள் மூத்தவர் தாளைப் பார்க்கவே இல்லை. "ஏம்மா, ஈரப்பதம் எவ்வளவு இருந்தது?" என்றார். நம் நாட்டு அளவின்படி 27 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதத்தில் நூலைப் பதப்படுத்தி வைத்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். பருத்தி ஈரம் வாங்கினால் வலுக் கூடும், உலர்ந்தால் குறையும். ஈரப்பதக் கருவி இரண்டு நாளாகப் படுத்திருந்தது, நான் கவனிக்கவில்லை. மறுபடி சோதித்தபோது நூல் நன்றாகவே இருந்தது. அந்த அறிக்கை போயிருந்தால் ஒரு பஞ்சு வியாபாரியின் பெயர் கெட்டிருக்கும். அப்புறம் ஓய்வு பெறும் நாள் வரை அறைக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் போவது சுவரில் மாட்டிய ஈரமானிக்குத்தான்.

கலங்கலுக்கு என்ன காரணம் என்றும் சொல்கிறேன். சாதாரண பாலிமர் சங்கிலிகள் கரைசலில் தட்டில் போட்ட சந்தகை மாதிரி சுருண்டு பின்னிக் கிடக்கும். குவோலெக்கின் விறைப்பான சங்கிலிகள் சுருள மாட்டா. அடர்த்தி கூடும்போது ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கிக்கொள்கின்றன. இதற்குத் திரவப் படிகம் என்று பெயர். அந்த அடுக்குகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் மோர் நிறம். துளை வழியாகப் பிழியும்போது, ஆற்றில் மிதக்கவிட்ட மூங்கில்கள் ஓட்டத்தோடு திரும்புவது போல எல்லாம் ஒரே திசையில் நீண்டு நிற்கும். இழையை இழுத்தால் சங்கிலிகள் நழுவாமல், ஒவ்வொன்றின் முதுகெலும்பும் நேரடியாகச் சுமை தாங்கும். எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு வலு என்று பின்னால் சொன்னது இதனால்தான்.

ஆனால் 1965-ல் கிடைத்தது கெவ்லார் இல்லை, கெவ்லாருக்கான வழி. எந்தப் பாலிமர் விலை கட்டும் என்று தேடி அதே குடும்பத்தில் வேறொன்றைப் பிடித்தார்கள். அதைக் கரைக்கச் செறிந்த கந்தக அமிலம் வேண்டியிருந்தது. ஹெர்பர்ட் பிளேட்ஸ் என்பவர், அமிலக் கரைசலைச் சூடாக, மிக அடர்த்தியாக வைத்துக்கொண்டு, துளைக்கும் கீழே இருக்கும் குளிர்நீர்த் தொட்டிக்கும் நடுவில் கொஞ்சம் காற்று இடைவெளி விட்டுப் பிழிந்தார். வலு ஏறக்குறைய இரட்டித்தது. அந்த இடைவெளி ஒரு விரல் அகலத்துக்கு மேல் இருக்காது. நோபல் பரிசு கிடைக்கிற மாதிரி விஷயம் இல்லை, ஆனால் அது இல்லாமல் இழை சந்தைக்கு வந்திருக்காது. கெவ்லார் 1970-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. டயருக்குத் தேடியது, போலீஸ்காரர் மார்பில் போய் உட்கார்ந்தது. நெதர்லாந்தின் ஆக்சோ நிறுவனம் இதே இழையை வேறு கரைப்பான் வழியில் செய்ய, இரண்டு கம்பெனிகளும் பல நாட்டு நீதிமன்றங்களில் மோதி 1988-ல்தான் சமரசத்துக்கு வந்தன. இழை ஆராய்ச்சி செய்கிறவருக்கு வக்கீல்களோடும் பேசத் தெரிய வேண்டும்.

காப்புரிமை கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது, குவோலெக்குக்கு விற்பனையில் பங்கு ஏதும் இல்லை. சம்பளம், பதவி, பிறகு மரியாதை. 1986-ல் ஓய்வு பெறும்வரை அந்த ஆய்வுக்கூடத்தில் பாலிமர் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றிருந்தார். 1996-ல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வந்தது. 2014-ல், 90 வயதில் காலமானார்.

நீங்கள் தலைமை பற்றிக் கேட்டீர்கள். என் கணக்கில், குவோலெக் தலைமை ஏற்றது பதவி வந்த அன்றைக்கு இல்லை. ஸ்மல்லன் அறை வாசலில் நின்று, இதைப் பிழிந்து பாருங்கள் என்று மறுபடியும் மறுபடியும் கேட்டாரே, அன்றைக்கு. இத்துறையில் யாரும் தனியாக ஒன்றும் செய்துவிட முடியாது. பாலிமர் செய்கிறவர், பிழிகிறவர், சோதிக்கிறவர், ஆலைக்காரர், விற்கிறவர் என்று வரிசையாக ஆள் வேண்டும். ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் வேலை பாதிதான் தெரியும். நடுவில் நின்று ஒருவர் மொழியை இன்னொருவருக்குச் சொல்கிறவர்தான் நாளடைவில் தலைவர் ஆகிறார். ஏட்டுப் படிப்பு மட்டும் உள்ள கெட்டிக்காரர்கள் இழை ஆராய்ச்சியில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் நிலவரம். மும்பை மாட்டுங்காவில் 1924-ல் தொடங்கிய பருத்தித் தொழில்நுட்ப ஆய்வுக்கூடம் இன்றைக்குச் சிர்காட் என்ற பெயரில் மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இருக்கிறது. அங்கே விஞ்ஞானி ஆக ஏ.ஆர்.எஸ். என்ற வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வு எழுத வேண்டும். அகமதாபாத்தில் 1947-ல் அட்டீரா என்ற ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தைக் கட்டி, முதல் சில வருஷம் நடத்தியவர் யார் தெரியுமா? விக்ரம் சாராபாய். ராக்கெட்டுக்கு முன்னால் அவர் பார்த்தது நூற்பாலை. கோவையில் சிட்ரா என்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் 1956-லிருந்து இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2020-ல் கொரோனா வந்தபோது, டாக்டர்கள் போடும் முழு உடல் கவசத் துணியில் இரத்தம் ஊடுருவுகிறதா என்று செயற்கை இரத்தம் வைத்துச் சோதிக்க நாட்டில் முதலில் தயாராக இருந்த கூடம் அதுதான். அந்தச் சோதனை முறை யாருக்கும் தேவைப்படாத காலத்தில் யாரோ உட்கார்ந்து கற்று வைத்திருந்ததால் அது நடந்தது. கோவையிலேயே, பிறகு மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் கீழ் வந்த கூடத்தில், 1974-ல் சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு பருத்தி ரகங்களைக் கலந்து சுவின் என்ற மிக நீண்ட இழைப் பருத்தியை உண்டாக்கினார்கள். கான்பூரில் ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தின் கூடம் ஒன்று குண்டு துளைக்காத உடை வேலையில் இருக்கிறது. டெல்லி ஐ.ஐ.டி.யில் ஜவுளி, இழைப் பொறியியலுக்கு முழுத் துறையே உண்டு. கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு இந்த இடங்களில் இடம் இருக்கிறது. தனியாரில் பாலியெஸ்டர், விஸ்கோஸ் செய்கிற பெரிய ஆலைகளின் ஆய்வுப் பிரிவுகள் தனி.

சம்பளம் பற்றி ஒரு வரி. முதல் பத்து வருஷம் உங்கள் யூனிட்டில் ஆர்டர் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சொந்தக்காரர்கள் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். தயாராக இருங்கள்.

பிஎச்.டி. இடத்தை ஏற்பதற்கு முன்னால் மகள் அந்த வழிகாட்டியிடம் மூன்று விஷயம் கேட்கட்டும். அந்தக் கூடத்தில் இழை பிழியும் கருவி சொந்தமாக இருக்கிறதா, ஓடுகிறதா, அல்லது துணி போர்த்திக் கிடக்கிறதா? அதை ஓட்டுகிறவர் யார், மாணவர்களைத் தொட விடுவாரா? இதற்கு முன் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவதற்கு வழிகாட்டி தயங்காமல் பதில் சொன்னால் நல்ல இடம். பாலிமரை வாங்கி வந்து, வெளியில் எங்கோ சோதனைக்கு அனுப்பி, கட்டுரை மட்டும் எழுதுகிற கூடம் என்றால் நான் யோசிப்பேன்.

முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். போகும்போது, போன தடவை பட்டை விழுந்ததே, அந்தத் துணியில் அரை மீட்டரும், அதே லாட் நூலில் ஒரு கோனும் பையில் எடுத்துப் போங்கள். மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்காருங்கள். அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாரா, இல்லை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.